அதிமதுரம்: குச்சியா, பொடியா, மாத்திரையா, இல்லை எதுவுமே வேண்டாமா?

தொண்டைக்காக அதிமதுரம் தேடுகிறீர்கள் என்றால் குச்சியை வாங்குங்கள், அல்லது கொஞ்சம் பொடியை வெந்நீரில் கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். நெஞ்செரிச்சலுக்கு என்றால் கிளிசிரைசின் (வேரின் இனிப்புச் சரக்கு) நீக்கிய மாத்திரையைப் பாருங்கள், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பொடியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். என் முடிவு இவ்வளவுதான், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம்.

மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன். புதுச்சேரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக்கடைகளில் சித்தரத்தை, திப்பிலி, அதிமதுரம் என்று கேட்டு வரிசை கட்டிவிடுவார்கள். கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கமும் அதே கதைதான். முன்பெல்லாம் குச்சி ஒன்றுதான், இடித்துக்கொள்வது நம் வேலை. இப்போது அரைத்த பொடி, சூரணம், கஷாயப் பொட்டலம், டானிக், சப்பும் மிட்டாய், சப்ளிமென்ட் மாத்திரை, முகத்துக்கு கிரீம் என்று ஒரே வேர் பத்து வேஷத்தில் வருகிறது. எல்லாம் ஒன்றுதானே, எதை வாங்கினால் என்ன என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கும் அதன் அளவும் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம்.

இந்த வேரின் கதாநாயகனும் வில்லனும் ஒரே ஆள், கிளிசிரைசின். சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிப்பு. வேரைக் கடித்ததும் வருகிற, அப்புறம் நாக்கை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிற அந்த இனிப்பு இதுதான். உலர்ந்த வேரில் இது 2 சதவீதமும் இருக்கலாம், 15 சதவீதமும் இருக்கலாம். எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை வருட வேர், எப்போது தோண்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். நம் ஊரில் விளையும் செடியும் இல்லை. மத்தியத் தரைக்கடல் ஓரம், மேற்கு ஆசியா, மத்திய ஆசியா ஆகியவைதான் அதன் வீடு, இந்தியா பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறது. ஆகவே போன மாதம் வாங்கிய பொட்டலமும் இந்த மாதம் வாங்கியதும் ஒரே பலம் என்று கடைக்காரரே சத்தியம் செய்ய முடியாது.

வாய் வழியாக உள்ளே போன கிளிசிரைசின் அப்படியே ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதன் இனிப்புப் பகுதியை வெட்டிவிட்டு கிளிசிரெட்டினிக் அமிலம் ஆக்குகின்றன, ரத்தத்தில் ஏறுவது அதுதான். அங்கே அது செய்கிற காரியத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், மற்ற எல்லாமே இதில்தான் தொங்குகிறது. உப்பைப் பிடித்துவை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அந்தக் கட்டளை போய் உட்காரும் இடத்தில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் கச்சிதமாக உட்காரும், ஆனால் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனைவிட கார்டிசால் பல மடங்கு அதிகம். அதனால் சிறுநீரகம் வாசலில் ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. கார்டிசால் வந்தால் அதைக் கார்டிசோன் ஆக்கிப் பல்லைப் பிடுங்கி அனுப்பும் ஒரு நொதிதான் அந்தக் காவல்காரன். கிளிசிரெட்டினிக் அமிலம் அவனைத் தூங்க வைத்துவிடுகிறது. கார்டிசால் கூட்டமாக உள்ளே புகுந்து, உப்பைப் பிடி, உப்பைப் பிடி என்று கத்துகிறது. உப்போடு தண்ணீரும் தங்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும். பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும், தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த பயமுறுத்தல் இல்லை. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், ஹீரன்வேன் ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அதிமதுரச் சாறு கொடுத்து வயிற்றுப்புண்காரர்களுக்குச் சுகமாவதைக் கேள்விப்பட்டு, தன் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறத்தான் செய்தது. கூடவே ஐந்தில் ஒருவருக்கு முகமும் கை கால்களும் வீங்கின. 1946இல் அவர் எழுதியதில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன, மருந்தும் கெடுதலும். அதற்கப்புறம் பிரிட்டனில் கிளிசிரெட்டினிக் அமிலத்திலிருந்தே கார்பெனாக்சலோன் என்று ஒரு மாத்திரை செய்தார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அதே ரிச்சர்ட் டால் 1962இல் அதைச் சோதித்தார். இரைப்பைப் புண்ணை ஆற்றுகிறது என்று முறையான சோதனையில் தேறிய முதல் மருந்துகளில் அது ஒன்று. பக்கவிளைவு? அதேதான், வீக்கம், பிரஷர், பொட்டாசியக் குறைவு. 1976இல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை விற்பனைக்கு வந்ததும் மருத்துவர்கள் நைசாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

ஆகவே அதிமதுரத்தில் ஒன்றும் இல்லை, பாட்டி வைத்தியம் என்று கேலி செய்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை, மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களோடும் ஒத்துப்போகவில்லை. நிஜமாகவே வேலை செய்கிற சரக்கு இது. வேலை செய்வதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம். முதலில் பொடி, ஏனென்றால் வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான், எனக்கு அதிகம் ஆட்சேபம் இருப்பதும் அதன் மேல்தான்.

ராத்திரி பாலில் ஒரு டீஸ்பூன் பொடி கலந்து குடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. சளிக்கு ஆரம்பித்து, சளி போன பிறகும் “உடம்புக்கு நல்லது” என்று தொடர்வார்கள். ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம் என்று வையுங்கள். வேரில் 2 சதவீதம் கிளிசிரைசின் இருந்தால் 60 மில்லிகிராம், 4 சதவீதம் இருந்தால் 120, பலமான வேராக 10 சதவீதம் இருந்தால் 300 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று 1991இல் சொன்னது, 2003இல் மறுபடி பார்த்துவிட்டு அதையே உறுதி செய்தது. அந்த 100கூட ரொம்பப் பாதுகாப்பான எல்லையா என்ற கேள்வி இருக்கிறது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 30 வயது வரையுள்ள ஆரோக்கியமான 28 பேருக்கு இரண்டு வாரம் தினம் 100 மில்லிகிராம் வரும்படி அதிமதுர மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி மேல் பிரஷர் சராசரியாக 3.1 புள்ளி ஏறியிருந்தது. மூன்று புள்ளிதானே என்று தோன்றும். வாட்டசாட்டமான இளசுகளுக்கே மூன்று என்றால், கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காத, 60 வயது தாண்டிய நம் கடற்கரை ஜனங்களின் கணக்கு வேறு. ஏற்கெனவே உள்ளே போகிற உப்பைத்தானே இது பிடித்து வைக்கிறது.

என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது “போடா, நாட்டு மருந்து என்னடா செஞ்சிடப்போவுது, உங்க இங்கிலீஷ் மாத்திரைதான் குடலை அரிக்குது” என்றார். சரி பெரியம்மா, இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடுகிறீர்களே, ஒன்று பிரஷரை இறக்க, ஒன்று ஏற்ற என்றேன். அதற்குப் பதில் வரவில்லை, காபி வந்தது.

நீரைப் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. ஃப்ரூசிமைடு மாதிரியான மாத்திரையே பொட்டாசியத்தை இறக்கும், அதிமதுரமும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் வடியும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே விஷமாகத் திரும்பும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அதன் விளைவு கூடும். ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ மாதாமாதம் சீட்டு போட்டு மாத்திரை வாங்கும் பலருக்கு இதில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். டாக்டர் “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா” என்று கேட்கும்போது அதிமதுரப் பாலை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை.

கஷாயம் பொடியின் அண்ணன். கிளிசிரைசின் வெந்நீரில் நன்றாகக் கரையும், நீங்கள் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சுவது அதை வடித்தெடுக்கும் வேலைதான். சித்த மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, நாள் சொல்லி, மற்ற சரக்குகளோடு கொடுத்தால் அது வேறு விஷயம், அவர் உங்கள் நாடியையும் பிரஷரையும் பார்த்திருப்பார். யூடியூப் பார்த்து ஒரு கைப்பிடி போட்டுக் காய்ச்சுவதற்கு அந்தப் பெருமை சேராது.

குச்சியை நான் ஏன் சிபாரிசு செய்கிறேன் என்றால், அதில் அளவு தானாகவே கட்டுப்படும். ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் அது கரைவதற்குள் உங்களுக்கே போதும் என்றாகிவிடும். எச்சில் ஊறும், தொண்டை நனையும், வறட்டு இருமலின் கிச்சுகிச்சு அடங்கும். கச்சேரிக்காரர்களும் மேடைப் பேச்சாளர்களும் பையில் வைத்திருப்பது குச்சிதான், பொடி இல்லை. இரண்டு மூன்று நாள், தொண்டை கட்டியிருக்கும்போது மட்டும் என்றால் ஆரோக்கியமானவருக்குப் பெரிய பயமில்லை. மிட்டாயும் இதே வகைதான், ஆனால் பாதி மிட்டாய்களில் அதிமதுரத்தைவிட சர்க்கரைதான் அதிகம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

குச்சியைவிடவும் எனக்குப் பிடித்த வழி கொப்பளிப்பது, வேடிக்கை என்னவென்றால் இதற்குத்தான் ஓரளவு நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டை வழியாகக் குழாய் விடுவார்கள், எழுந்த பிறகு பலருக்குத் தொண்டை எரியும். லக்னோவில் 2009இல் 40 நோயாளிகளிடம் ஒரு சோதனை. மயக்க மருந்துக்கு ஐந்து நிமிடம் முன்பு பாதிப் பேரை அரை கிராம் அதிமதுரம் கலந்த 30 மில்லி தண்ணீரிலும் மீதிப் பேரை வெறும் தண்ணீரிலும் கொப்பளிக்க வைத்தார்கள். அதிமதுரக்காரர்களுக்குத் தொண்டை வலி குறைவு. 2013இல் ஆஸ்திரியாவில் 236 பேரிடம் சர்க்கரைத் தண்ணீரோடு ஒப்பிட்டுச் செய்தார்கள், அங்கேயும் வலி வந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். இது குழாய் உரசி வந்த புண், மழையில் நனைந்து வந்த தொண்டைக்கட்டு வேறு என்று சொல்கிறவர்களுக்கு நான் மறுப்பு சொல்லமாட்டேன். ஆனால் கவனியுங்கள், அரை கிராம்தான், கால் டீஸ்பூன்கூட வராது, அதையும் துப்பிவிடுகிறோம். குடலுக்குப் போகாதது சிறுநீரகத்துக்கும் போகாது. லாபம் இருந்தால் வரட்டும், நஷ்டம் அநேகமாக இல்லை. பிரஷர் உள்ளவர்களுக்கும் இந்த ஒரு வழியை மட்டும் நான் திறந்து வைப்பேன், விழுங்காமல் துப்புவார்கள் என்றால்.

அடுத்தது வயிறு. நெஞ்செரிச்சல், புளியேப்பம், சாப்பிட்டதும் வயிறு உப்புசம் என்று வருகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. பொடி, கிளிசிரைசின் நீக்கிய மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மருந்துக்கடை மாத்திரையான பான்டோபிரசோல். பொடியைப் பற்றிச் சொல்லியாயிற்று. கிளிசிரைசினைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சமுள்ள சத்துகளை வைத்துச் செய்யும் மாத்திரையை டி.ஜி.எல். என்பார்கள், சாப்பாட்டுக்கு முன்னால் மென்று விழுங்க வேண்டும். பிரஷரை ஏற்றும் ஆளை வெளியே அனுப்பியாயிற்று, புண்ணை ஆற்றும் வேலை மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. காவெட்-எஸ் என்ற ஒரு மாத்திரை 1982இல் சிமெட்டிடினோடு போட்டி போட்டு ஏறக்குறைய சமமாக வந்தது. இதை விளம்பரங்களில் பெருமையாகப் போடுவார்கள். அந்த மாத்திரைக்குள் அமிலத்தை முறிக்கும் உப்புகளும் கலந்திருந்தன என்பதை மட்டும் போடமாட்டார்கள்.

இன்னொரு வகை, கிளிசிரைசின் மிகக் குறைவாகவும் கிளாப்ரிடின் போன்ற மற்ற சரக்குகள் அதிகமாகவும் இருக்கும்படி பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்த சாறு. 2012இல் அஜீரணத் தொல்லை உள்ள 50 பேரிடம் 30 நாள், தினம் இரண்டு வேளை 75 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நல்ல முன்னேற்றம். 50 பேர், ஒரு மாதம், அவ்வளவுதான், இதை வைத்துக்கொண்டு கொடி பிடிக்க முடியாது. ஆனால் கெடுதல் செய்யும் பகுதி இல்லாததால், ஸ்கேனிலும் எண்டாஸ்கோபியிலும் ஒன்றும் இல்லை, இருந்தும் வயிறு சரியில்லை என்று அலைகிறவர்கள் ஒரு மாதம் முயன்று பார்ப்பதில் எனக்குத் தடையில்லை. வாங்கும்போது கிளிசிரைசின் எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் அந்த மாத்திரையைப் பொடியாகவே கணக்கில் வையுங்கள்.

நிஜமான புண் என்றால் இந்த இரண்டும் வேண்டாம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் கிருமியைப் பிடித்த பிறகு (2005இல் நோபல் கிடைத்தது) வயிற்றுப்புண் என்பது பெரும்பாலும் அந்தக் கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வருவது என்று தெளிவாகிவிட்டது. ஆன்டிபயாட்டிக்கோடு பான்டோபிரசோல் மாதிரி ஒன்று சேர்த்து இரண்டு வாரத்தில் கிருமியை ஒழிக்கும் வழி இருக்கும்போது அதிமதுரத்தை மென்றுகொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. மலம் கறுப்பாகப் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ கோரிமேடு ஜிப்மருக்கு பஸ் ஏறுங்கள், மருந்துக்கடைக்கு இல்லை.

கல்லீரல் விஷயத்தில் நம் ஊரில் கீழாநெல்லிக்குத்தான் முதல் மரியாதை, ஆனால் இப்போது லிவர் டானிக்குகளில் அதிமதுரமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஜப்பான். அங்கே நாள்பட்ட மஞ்சள்காமாலைக் கிருமித் தொற்றுக்குக் கிளிசிரைசினைப் பல பத்தாண்டுகளாக ஊசியாகப் போட்டிருக்கிறார்கள், 20 மில்லி ஆம்பூலில் 40 மில்லிகிராம், கூடவே கிளைசினும் சிஸ்டீனும். கல்லீரல் நொதிகளின் அளவு இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் அது நரம்பில், மருத்துவர் கண்காணிப்பில், பொட்டாசியத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. டானிக் ஒரு மூடி குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தவிர, ஹெபடைடிஸ் சி கிருமியை அடியோடு ஒழிக்கும் மாத்திரைகளே வந்துவிட்டன, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அவற்றை இலவசமாகவே தருகிறார்கள். அதை விட்டுவிட்டு டானிக்கா?

வைரஸ் கதையும் இப்படித்தான். 2003இல் சார்ஸ் வந்தபோது ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் கிளிசிரைசின் அந்த வைரஸ் பெருகுவதைத் தடுப்பதாக லான்செட் இதழில் எழுதினார்கள். கொரோனா நேரத்தில் அதைத் தூசு தட்டி எடுத்துப் பரப்பினார்கள். நடந்தது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில், அதுவும் வைரஸைப் பாதியாக்க லிட்டருக்கு 300 மில்லிகிராம் தேவைப்பட்டது. முன்னால் சொன்னேனே, சாப்பிட்ட கிளிசிரைசின் அப்படியே ரத்தத்துக்கு வருவதே அரிது என்று. கஷாயம் குடித்து அந்த அளவைத் தொடவே முடியாது.

முகத்துக்குப் பூசுவதில் சண்டை போட எதுவும் இல்லை. கிளாப்ரிடின் தோலில் கருமை நிறத்தை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம், கிரீமில் பலன் மெதுவாகவும் சுமாராகவும் இருக்கும். வெயிலில் குடையோ சன்ஸ்கிரீனோ இல்லாமல் பீச் ரோட்டில் நடந்துவிட்டு வந்து ராத்திரி அதிமதுரம் பூசினால் காசுதான் கரையும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் நான் எந்த வடிவத்துக்கும் இடம் தரமாட்டேன், சளிக்கு ஒரு வேளை என்றால்கூட மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். ஃபின்லாந்தில் அதிமதுர மிட்டாய் தின்பது ஊர்ப் பழக்கம். அங்கே கர்ப்ப காலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளைப் பல வருடம் கழித்துப் பரிசோதித்தபோது அறிவுத்திறன் சோதனைகளில் மதிப்பெண் குறைவாக இருந்தது. நஞ்சுக்கொடியிலும் அதே காவல்காரன்தான் தாயின் கார்டிசாலைக் குழந்தையிடம் போகாமல் நிறுத்துகிறான். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம், அங்கே முதல் குற்றவாளி தேன்தான், அந்த வயதில் தேனே கூடாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. பிரான்ஸ் உறவினர்கள் லீவுக்கு வரும்போது கொண்டுவரும் ரெக்லிஸ் (அதிமதுர) மிட்டாயும், பெரியவர்கள் ரசிக்கும் பாஸ்டிஸ் என்ற பிரெஞ்சு மதுவும் இதே வேரின் பிள்ளைகள். மது கலக்காத பாஸ்டிஸை ஆரோக்கியம் என்று நினைத்து ஏராளமாகக் குடித்து, பொட்டாசியம் இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் பற்றி ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2020இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 54 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் தினம் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய் சில வாரம் தின்று இதயம் நின்று இறந்ததும் மருத்துவ இதழில் வந்தது. யாரும் நம் ஊரில் அப்படித் தின்பதில்லைதான். ஆனால் காலையில் கஷாயம், மதியம் சூரணம், ராத்திரி பால் என்று மூன்று பெயரில் ஒரே வேர் போகிற வீடுகள் இருக்கின்றன, கூட்டிப் பார்த்தால் அதுவும் ஒரு பைதான்.

வாங்குவதென்றால் முழுக் குச்சியாக வாங்குங்கள். வெளியே பழுப்புத் தோல், ஒடித்தால் உள்ளே மஞ்சள், நார் நாராகப் பிரியும், கடித்தால் இனிப்பு உடனே தெரிய வேண்டும். பூஞ்சை வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள். பொடியில் இது எதையும் பார்க்க முடியாது. வேலியோரம் படரும் குன்றிமணிக் கொடியையும் சில இடங்களில் அதிமதுரத்துக்கு மாற்றாகச் சொல்வார்கள், இலை இனிக்கும் என்பதால். அந்த யோசனையே வேண்டாம், அதன் விதையில் இருக்கும் அப்ரின் ஆளைக் கொல்லும் விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தக் கொடியே இருக்கக்கூடாது.

இத்தனை நாள் தினம் பொடி சாப்பிட்டவர் என்றால் நிறுத்திய மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடாது, அந்த நொதி மறுபடி விழித்துக்கொள்ள இரண்டு வாரம்வரை ஆகலாம். அந்த இரண்டு வாரத்தில் பிரஷரைப் பார்க்கும்போதோ, பொட்டாசியத்துக்கு ரத்தம் கொடுக்கும்போதோ, இவ்வளவு நாள் இதைச் சாப்பிட்டேன், இன்ன தேதியில் நிறுத்தினேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏறிக் கிடக்கிற பிரஷருக்கு இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்.